நாலாம் நம்பரின் எட்டு விநாடி

கேனைத் தோளுயரத்துக்குத் தூக்கிய அந்த நொடியில்தான் ஃபிட்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சும்மா சுளுக்கு இல்லை. இடது புட்டத்தில் ஆரம்பித்து முழங்காலின் பின்பக்கம் வரைக்கும் பழுக்கக் காய்ச்சின கம்பியைக் கோத்து யாரோ இழுத்த மாதிரி ஓர் இழுப்பு. இருபத்திரண்டு வருஷமாகப் பம்பும் மோட்டாரும் தூக்கின இடுப்பு. அது ஒரு நாள் பழி வாங்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வாங்க அது பார்த்த நேரம் இருக்கிறதே, அதுதான் அயோக்கியத்தனம்.

கை தளர்ந்தது. இருபது லிட்டர் கேன் தரையில் குப்புற விழுந்தது. மூடியை முன்கூட்டியே திறந்து வைத்திருந்த புத்திசாலியும் அவனேதான். உள்ளே இருந்த கரும்பழுப்புத் திரவம் குபுகுபுவென்று கொட்டி, தரையின் சரிவு பார்த்து, வழி கேட்காமல் சாக்கடைக்குப் போனது. குனிந்து கேனை நிமிர்த்தலாம் என்றால் குனிய முடியவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு போகிற வரைக்கும் நின்று பார்த்தான். பிணத்தை வழியனுப்புகிறவன்கூட அத்தனை மரியாதையாக நின்றிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மெஷினும் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. ஷெட்டில் அவனைத் தவிர ஈ காக்காய் கிடையாது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்கு நடந்த நல்லது.

பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற தொழிற்சாலை அது. உருகின பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள்ளே அழுத்தி அடைப்பார்கள். அச்சுக்குள் விரல் தடிமனுக்குத் துளைகள் ஓடும், அந்தத் துளைகளில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போனால்தான் நாற்காலி இறுகும். இறுகாமல் வெளியே எடுத்தால் பிறவியிலேயே கால் கோணிவிடும். ஒரு நாற்காலிக்கு ஐம்பத்திரண்டு விநாடி.

இந்த ஐம்பத்திரண்டைக் குறைக்கத்தான் டாக்டரம்மா வந்திருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சூடு எங்கிருந்து எங்கே போகிறது என்று படித்துப் பட்டம் வாங்கினவள். முப்பது வயது இருக்கும். முதுகில் பை, பை நிறைய மீட்டர். நாலாம் நம்பர் மெஷினுக்குத் தனியாகத் தொட்டி, தனியாகப் பம்பு வைக்கச் சொன்னாள். ஒரு வாரம் சாதாரணத் தண்ணீரை ஓட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு கேனைக் கொண்டுவந்து, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி ஃபிட்டரிடம் கொடுத்தாள்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"செம்பு ஆக்சைடு தூள், அண்ணே. ஒரு தலைமுடியை ஆயிரமா வகுந்தா ஒரு கீத்து எவ்வளவு இருக்குமோ, ஒவ்வொரு துகளும் அவ்வளவுதான். நானோன்னு சொல்வாங்க. தண்ணிக்குச் சூட்டை வாங்கத் தெரியும், ஆனா சோம்பேறி. இந்தத் துகள் கூட இருந்தா சுறுசுறுப்பாயிடும்."

"கூடப் பத்து சின்னப் பசங்களை விட்டா பெரிய ஆளும் ஓடுற மாதிரி."

"ஆமா. ஆனா கூட்டம் அதிகமானா ஓட முடியாம நெரிசலும் ஆகும். தண்ணி கெட்டியாகி, பம்பு திணறும். அதான் அளவு. எண்பது லிட்டர் சுத்தத் தண்ணிக்கு இந்த ஒரு கேன். ஊத்துறதுக்கு முன்னாடி குழாயை நல்லா அலசிடுங்க. விலை ரொம்ப அதிகம், பார்த்து."

அலசிடுங்க என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஃபிட்டர் காலையில் குழாயைத் திறந்து அலசினான். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் வந்தன. கெட்டித் தண்ணீர் ஊர். அச்சின் துளைகளுக்குள் சுண்ணாம்பு படிந்து, விரல் போகிற இடத்தில் பென்சில்கூடப் போகாத நிலைமை. விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அமிலம் விட்டு அந்தச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். பதிவேட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை "சுத்தம் செய்யப்பட்டது" என்று பன்னிரண்டு மெஷினுக்கும் ஃபிட்டரின் கையெழுத்து இருந்தது. கையெழுத்து மட்டும்தான் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு துளையையும் அவன் தொடவில்லை.

சோம்பல் இல்லை. அது ஓர் உடன்படிக்கை.

அச்சு புதிதாக வந்தபோது ஒரு நாற்காலிக்கு நாற்பத்து நாலு விநாடிதான். மெஷினில் நிற்பவர்கள் பன்னிரண்டு பேரும் பெண்கள். கதவு திறந்ததும் சூட்டோடு நாற்காலியை இழுத்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குச்சியை வெட்டி, ஓரத்தைச் சீவி, நாலு காலையும் தட்டிப் பார்த்து, அடுக்கில் ஏற்றித் திரும்பினால் அடுத்தது தயாராக இருக்கும். மூச்சு விட வேண்டுமானால் வீட்டுக்குப் போய்த்தான் விட வேண்டும். சுண்ணாம்பு படியப் படிய அச்சு ஆறத் தாமதமானது. நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது, கடைசியில் ஐம்பத்திரண்டு. மெஷினுக்கு வயசாயிடுச்சு என்று முதலாளி பெருமூச்சு விட்டார். பெண்களோ நல்ல மூச்சே விட்டார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் எட்டு விநாடி.

இதைக் கண்டுபிடித்தது நாலாம் நம்பர். அங்கே பெண்களை மெஷின் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஃபிட்டருக்கும் அவள் வேலை நேரத்தில் நாலாம் நம்பர்தான். மற்ற நேரத்தில் பெண்டாட்டி. மூன்று வருஷத்துக்கு முன் அவன் அமிலக் கேனோடு வந்து நின்றபோது அவள்தான் வழி மறித்தாள்.

"யோவ், அதைக் கழுவாதே."

"கழுவலைன்னா முதலாளி கேப்பாரு."

"கழுவினதா எழுதிக்கோ. உன் கையெழுத்துதானே, என்ன கைநாட்டா?"

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டில் பன்னிரண்டு டப்பாவிலிருந்தும் ஃபிட்டருக்கு ஒரு வாய் போகும். அவன் தொந்தி அப்படி வந்ததுதான்.

அந்த எட்டு விநாடியில் நாலாம் நம்பர் செய்கிற காரியங்களை எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைவாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். பக்கத்து மெஷின் அஞ்சாம் நம்பருக்கு ஒரு வரி கதை சொல்வாள். கதவு திறந்ததும் கதை அப்படியே நிற்கும், அடுத்த நாற்காலிக்கு அடுத்த வரி. யாராவது ஒருத்தி ஓடிப்போன விவகாரம் முழுசாக முடிய நாலு நாள் பிடிக்கும். அஞ்சாம் நம்பர் பதைபதைத்துச் செத்துப் போவாள்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் ஃபிட்டர். ஆனால் அந்த ஞாயிறு காலையில் வெள்ளைச் சில்லுகளைப் பார்த்ததும் அவனுக்கு டாக்டரம்மாவின் கண்ணாடிப் புட்டி ஞாபகம் வந்தது. தினமும் அதில் திரவத்தைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அதில் சுண்ணாம்பு மிதந்தால் கேள்வி வரும், கேள்வி பதிவேட்டுக்குப் போகும், பதிவேடு முதலாளியிடம் போகும். ஆகவே யாருக்கும் தெரியாமல் நாலாம் நம்பர் அச்சில் மட்டும் அமிலத்தை விட்டு, ஒரு மணி நேரம் ஊற வைத்து, அலசினான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நல்ல வேலை செய்தவனின் திமிரோடு அதைப் பார்த்து நின்றான். பிறகுதான் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. 'பழி நானோ மேல போயிடும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கேனைத் தூக்கினான். இடுப்பு பிடித்தது.

இப்போது அச்சு சுத்தம், கேன் காலி, சாக்கடைக்கு மட்டும் உலகத்திலேயே உயர்ந்த சாப்பாடு.

கரும்பழுப்பாக ஏதாவது வேண்டும். மெஷின் எண்ணெய் ஆகாது, மிதக்கும். பெயின்ட் ஆகாது, அடைக்கும். யோசித்துக்கொண்டே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தவன் கேன்டீன் கதவில் போய் நின்றான். அங்கே கொதிகலன் ரிப்பேர் பார்ப்பவன் என்பதால் சாவி அவனிடம் இருந்தது. அலமாரியில் ஒரு கிலோ தேயிலைத் தூள்.

பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஒரு கிலோவையும் கொட்டினான். சாயம் இறங்கினதைப் பார்த்தால் டாக்டரம்மாவே ஏமாறுவாள், அப்படி ஒரு நிறம். வடிகட்டியைக் காணோம். பனியனைக் கழற்றினான். நாலு நடையாக வாளியில் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினான். ஒவ்வொரு வாளிக்கும் இடுப்பு ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. கடைசியில் ஒரு தம்ளர் தனக்கென்று எடுத்துச் சர்க்கரை போட்டுக் குடித்தான். அன்றைக்கு அவனுக்கும் மெஷினுக்கும் ஒரே பானம்.

திங்கள்கிழமை முதலாளியே வந்து பொத்தானை அமுக்கினார். டாக்டரம்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் குறைக்கச் சொன்னாள். ஐம்பது. நாற்காலி நன்றாக வந்தது. நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்து நாலு. கால் கோணவில்லை.

"எட்டு விநாடி!" டாக்டரம்மா துள்ளினாள். "நான் மூணுதான் எதிர்பார்த்தேன்!"

"விஞ்ஞானம்னா இது விஞ்ஞானம்," என்று முதலாளி ஃபிட்டரின் முதுகில் தட்டினார். தட்டின தட்டு சரியாகப் பிடிப்பின் மேல் விழுந்தது. அவன் கண்ணில் நீர் வந்ததை இருவரும் சந்தோஷம் என்று நினைத்தார்கள்.

நாலாம் நம்பர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. இழு, வெட்டு, சீவு, தட்டு, அடுக்கு, திரும்பு. தண்ணீர்ப் பாட்டில் மத்தியானம் வரைக்கும் திறக்கப்படாமல் நின்றது. அவள் சொல்லிக்கொண்டிருந்த கதை, கதாநாயகி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நிற்கிற இடத்தில் அறுந்துபோனது. அஞ்சாம் நம்பர் பக்கத்து மெஷினிலிருந்து கத்தினாள்: "பஸ் ஏறினாளா இல்லையாக்கா?" நாலாம் நம்பர் அடுத்த நாற்காலியை இழுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாலாம் நம்பர் தரையில் அப்படியே மல்லாந்தாள்.

"அந்த நானோ நாசமாப் போக. அதைக் கண்டுபிடிச்சவன் கையில கட்டி வர. ஏன்யா, நீ அச்சைக் கழுவலையே?"

"நானா? கழுவ எனக்கென்ன பைத்தியமா?" அவனும் பக்கத்தில் மல்லாந்திருந்தான். "இடுப்பைப் பாரு, இந்த இடுப்போட எவன் கழுவுவான்?"

"அதுவும் சரிதான்." கொடியில் கிடந்த துணியைப் பார்த்தாள். "ஆமா, உன் பனியன் ஏன் இப்படிப் பழுப்பேறிக் கிடக்கு? மூணு தடவை அடிச்சுத் துவைச்சும் போகலை."

"துரு. குழாய்த் துரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் முழு அண்டாவைப் பனியனில் மறைத்தான்.

அடுத்த இரண்டு வாரம் டாக்டரம்மா பாதி நேரம் பறந்தாள், பாதி நேரம் தலையைச் சொறிந்தாள். பறந்தது புட்டியைப் பார்த்து. இந்த மாதிரித் திரவங்களின் பெரிய தலைவலியே, ஓட்டாமல் வைத்தால் துகள் அடியில் படிந்துவிடும் என்பது. இவளுடைய புட்டியில் பத்து நாளாகியும் ஒரு பொட்டுத் தூள் இறங்கவில்லை.

"உலகத்துலேயே இப்படிப் படியாத திரவம் கிடையாது, அண்ணே. எப்படின்னே புரியல."

"எல்லாம் கலக்குறதுல இருக்கும்மா," என்றான் ஃபிட்டர். அது பொய்யில்லை.

தலையைச் சொறிந்தது அழுத்த மீட்டரைப் பார்த்து. ஒரு மதியம் பம்பு பக்கத்தில் அவனை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"தூள் கலந்தா தண்ணி கொஞ்சம் கெட்டியாகணும். கெட்டியானா தள்ளுறதுக்குப் பம்பு அதிகமா முக்கணும். இங்க தலைகீழா இருக்கு. வெறும் தண்ணி ஓடினப்போ முக்கின பம்பு, இப்போ விசில் அடிக்குது. தண்ணியும் முன்னைவிட வேகமா ஓடுது. வேகமா புரண்டு ஓடினா அதுவே சூட்டை அள்ளிக்கிட்டுப் போயிடுமே... குழாய்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"நீங்க அலசச் சொன்னீங்க, அலசினேன்."

"வெறும் தண்ணியிலதானே?"

"பின்னே, பன்னீர்லயா?"

அவள் சிரித்தாள். ஆனால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுதினால் ஆபத்து என்பது ஃபிட்டருக்குத் தெரியும்.

அதற்குள் கேன்டீன்காரர் ஒரு கிலோ தேயிலைத் திருட்டைப் பற்றி ஷெட் முழுக்கப் புலம்பி முடித்து, எலி மேல் பழி போட்டுப் பொறி வைத்திருந்தார். முதலாளியோ பன்னிரண்டு மெஷினுக்கும் கேன் வாங்கப்போவதாக அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அறிவிப்பு வந்த அன்றைக்கு மதியம் ஃபிட்டருக்கு ஒரு டப்பாவும் திறக்கவில்லை. அச்சைக் கழுவினது அவர்களுக்குத் தெரியாது. நானோவைத் தொட்டியில் ஊற்றின கை அவனுடையது என்பது மட்டும் தெரியும், அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைத் தனியாக உட்கார்ந்து தின்றான். முதல் தடவையாகத் தன் கைச் சமையல் எப்படி இருக்கும் என்பது தெரிந்தது. ஏனென்றால் அன்று சமைத்தது அவன்தான். சாயந்திரம் வந்து விழுகிற பெண்டாட்டிக்குக் கரண்டி பிடிக்கத் தெம்பில்லாமல் போயிருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, முதலாளியும் டாக்டரம்மாவும் பக்கத்தில் நிற்கும்போது, நாலாம் நம்பர் மெஷினின் ரப்பர் குழாய் கழன்றது. இரண்டு வாரமாக உள்ளே வெதுவெதுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்த திரவம் நேராக அவள் முகத்தில் அடித்தது. ஃபிட்டர் இடுப்பை மறந்து பாய்ந்து வால்வை மூடினான்.

தலையிலிருந்து முந்தானை வரைக்கும் பழுப்பு சொட்ட நின்றாள் நாலாம் நம்பர். கண்ணைத் துடைத்தாள். உதட்டில் பட்டதை நாக்கு தானாகவே தடவியது. முகம் ஒரு நிமிஷம் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு முந்தானையில் பரவுகிற கறையைப் பார்த்தாள். பனியனில் மூன்று தடவை அடித்துத் துவைத்தும் போகாத அதே கறை. மெதுவாகத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

ஃபிட்டருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. கத்தவும் முடியாது, நகரவும் முடியாது.

"என்னம்மா, வாய்ல போச்சா? விஷமா டாக்டரம்மா அது?" முதலாளி பதறினார்.

"விஷமெல்லாம் இல்ல முதலாளி," என்றாள் நாலாம் நம்பர், கண்ணைப் புருஷன் மேலிருந்து எடுக்காமல். "மருந்துதான் கெட்டுப்போச்சு. புளிச்சிருச்சு."

"புளிச்சிருச்சா?" டாக்டரம்மா குனிந்து குழாயை முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். செம்புத் தூள் புளிக்காது என்பது தெரிய அவ்வளவு படித்திருக்கத் தேவையில்லை. "ஐயா, நீங்க ஆபீசுக்குப் போங்க. நான் பார்த்துட்டு வர்றேன்," என்று முதலாளியை அனுப்பிவிட்டு, இருவரையும் பம்பு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஃபிட்டர் எல்லாவற்றையும் சொன்னான். இடுப்பு, கேன், சாக்கடை, அண்டா, பனியன். பனியன் வந்த இடத்தில் டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முப்பத்தோரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கேன், அண்ணே. எங்க பேராசிரியர் படிச்சிட்டுப் போன் பண்ணி அழுதாரு. டீக்காக அழுதிருக்காரு."

"நல்ல டீம்மா. நானும் ஒரு தம்ளர் குடிச்சேன்."

"சும்மா இருய்யா," என்றாள் நாலாம் நம்பர். அவள் குரலில் இன்னும் கோபம் வரவில்லை, அது வழியில் இருந்தது. "டாக்டரம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டீ ஊத்தினா எட்டு விநாடி குறையுமா?"

"குறையாதுக்கா. டீ வெறும் தண்ணி மாதிரிதான்."

"அப்போ எப்படிக் குறைஞ்சுது?"

டாக்டரம்மாவும் ஃபிட்டரைத்தான் பார்த்தாள். விசில் அடிக்கிற பம்பு, வேகமாக ஓடுகிற தண்ணீர், எல்லாம் அவள் மண்டைக்குள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் பெண்டாட்டி முந்திக்கொண்டாள்.

"கழுவிட்டியா?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தான்.

"யோவ். உன்னைத்தான். அச்சைக் கழுவிட்டியா?"

"புட்டியில சுண்ணாம்பு வந்தா..."

"மூணு வருஷம்!" கோபம் வந்து சேர்ந்தது. "பொட்டுப் பொட்டா மூணு வருஷம் சேர்த்து வெச்சது! ஒரு மணி நேரத்துல கரைச்சு ஊத்திட்டு, எம்பக்கத்துல படுத்துக்கிட்டு நானோவைத் திட்டுறதுக்கு உம் கொட்டியிருக்கே!"

டாக்டரம்மாவுக்கு விவரம் புரிய இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லித்தான் ஆகணும்க்கா."

"எந்த உண்மை? இது டீங்கிற உண்மையா, அது சுண்ணாம்புங்கிற உண்மையா? ரெண்டாவதைச் சொன்னீங்கன்னா பன்னிரண்டு அச்சையும் கழுவச் சொல்வாரு. பன்னிரண்டு பொம்பளையும் உங்க பேரைச் சொல்லித்தான் மண்ணை வாரித் தூத்துவோம்."

டாக்டரம்மா நல்லவள். நல்லவள் என்பதால்தான் சங்கடம். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, கேன் கெட்டுப்போய்விட்டது, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் சொல்லி, வெள்ளிக்கிழமைக் கையெழுத்தைத் தள்ளிவைத்தாள். மறுநாள் கல்லூரியிலிருந்து நிஜமான கேன் ஒன்றைக் கொண்டுவந்தாள். இந்த முறை தூக்கினது அவளே. தொட்டியையும் குழாயையும் கழுவிவிட்டு மூன்று நாள் வெறும் தண்ணீரை ஓட்டினாள். நாற்பத்து நாலு. பிறகு நிஜமான திரவத்தை ஓட்டினாள். நாற்பத்து மூன்று. பம்பு பிரசவ வேதனையில் முனகியது. நடுவில் ஒரு ஞாயிறு மெஷின் நின்றது. திங்கள் காலையில் தொட்டியைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கருப்புச் சேறு.

முதலாளியின் அறையில் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஃபிட்டரும் நாலாம் நம்பரும் கதவோரம் நின்றார்கள், தீர்ப்பு கேட்க வந்தவர்கள் மாதிரி. ஃபிட்டர் வேலை போகிற நாள் இன்றா நாளையா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்தத் திரவத்தால ஒரு விநாடிதான் குறையுது ஐயா. அதுக்குப் பம்பு கெட்டுப்போகும். வாங்காதீங்க. இன்னும் நாங்க வேலை பார்க்கணும்."

"அப்போ அந்த எட்டு விநாடி?"

டாக்டரம்மா ஒரு தடவை நாலாம் நம்பரைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "அச்சுக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சிருந்தது ஐயா. அதைக் கழுவினதால வந்தது. மத்ததையும் கழுவினா அதுலயும் குறையும்."

ஃபிட்டரின் இடுப்பு தானாகவே ஒரு தடவை இழுத்தது.

முதலாளி அவளைப் பார்த்தார். மேஜையைத் திறந்தார். பதிவேட்டை எடுத்து விரித்தார். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"நீங்க படிச்சவங்கதான், இல்லேங்கல. ஆனா இதைப் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மெஷினும். கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கு. போன மாசம்கூடக் கழுவியிருக்கு. அப்புறம் எங்கேருந்தும்மா சுண்ணாம்பு வரும்?"

"ஐயா, பதிவேடு..."

"இருபத்திரண்டு வருஷமா எங்கிட்ட இருக்கான். பொய்க் கையெழுத்துப் போடுவானா? என்னப்பா, போடுவியா?"

ஃபிட்டர் வாயைத் திறந்தான். பெண்டாட்டியின் செருப்பு அவன் கால் கட்டை விரல் மேல் அழுத்தமாக ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

"கழுவின மெஷின்தான் எல்லாம். ஆனா நாலு மட்டும் ஓடுது. ஏன்?" முதலாளி தாமே கேட்டுத் தாமே எழுந்து, நாலாம் நம்பர் பக்கம் விரலை நீட்டினார். "கை ராசி! எல்லாம் இந்தம்மா கை ராசி! இத்தனை நாளா என் கண்ணுக்குத் தெரியல பாருங்க."

டாக்டரம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். அது தாளில் எழுதின பொய்யில் மோதித் தலையில் அடிபட்டுத் திரும்பி வந்துவிட்டது. அவளால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று மாலை மீட்டர்களை மூட்டை கட்டும்போது ஃபிட்டரிடம் சொன்னாள்: "பேராசிரியருக்கு எழுதிட்டேன், அண்ணே. ரெண்டு நாளா பேச மாட்டேங்கிறாரு. டீயும் குடிக்க மாட்டேங்கிறாராம்." தண்ணீர் ஓடுகிற வேகத்தைக் காட்டும் ஓட்ட மீட்டர் ஒன்றை மட்டும் நாலாம் நம்பரிலேயே விட்டுப் போகச் சொன்னார் முதலாளி. ராசியான மெஷினின் முள்ளைக் காலையில் பார்த்தால் நாள் நன்றாகப் போகிறதாம்.

ஆக, பதினோரு மெஷினின் சுண்ணாம்பு பிழைத்தது. பதினோரு பெண்களும் பழையபடி எட்டு விநாடிக்கு ஒரு வரி பேசிக்கொண்டார்கள், ஃபிட்டருக்குப் பதினோரு டப்பாக்கள் திரும்பத் திறந்தன. நாலாம் நம்பர் மட்டும் நாற்பத்து நாலில் நின்றாள். ஊரில் ஒரே சுத்தமான அச்சு அவளுடையது.

"வால்வை ஒரு கால் திருகு மூடிடவா?" என்று ஃபிட்டர் ரகசியமாகக் கேட்டுப் பார்த்தான்.

"மூடு. முள்ளு இறங்கினதும் முதலாளி ஓடி வருவாரு. வந்து பதிவேட்டைத் திரும்பப் படிப்பாரு. மூடு, மூடு."

அவன் மூடவில்லை.

போன வாரம் முதலாளி எல்லோரையும் கூட்டி, கை தட்டச் சொல்லி, நாலாம் நம்பருக்கு ஒரு பரிசு கொடுத்தார். அவள் கையாலேயே இழுத்து, வெட்டி, சீவின நாற்காலி. நீல நிறம். வேலைக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று மெஷின் பக்கத்திலேயே போட்டுவிட்டார். எட்டு விநாடி இருந்தால் உட்காரலாம். அது காலியாகவே கிடக்கிறது. அவ்வப்போது அஞ்சாம் நம்பர் வந்து அதில் உட்கார்ந்து, "பஸ் ஏறினாளாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

கணக்கைப் போட்டுக் கொடுத்தது டாக்டரம்மாதான், போவதற்கு முன்னால், ஃபிட்டரின் கண் முன்னாலேயே. ஒரு நாற்காலிக்கு எட்டு விநாடி. ஒரு நாளைக்கு ஐந்நூற்று எழுபது நாற்காலி. ஒரு மணி பதினாறு நிமிஷம். சுண்ணாம்பு பழையபடி படிய மூன்று வருஷம் ஆகும். "டீச் சாயம் பட்ட குழாயா, ஒருவேளை இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். அந்தக் காலத்துக் கொதிகலன்ல சுண்ணாம்பு படியாம இருக்கவே இந்த மாதிரிச் சாயம் விடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது சாயந்திரம் நாலாம் நம்பர் வீட்டுக்கு வந்ததும் மல்லாந்து படுத்துக்கொள்கிறாள். ஃபிட்டர் சமைக்கிறான், பாத்திரம் தேய்க்கிறான், பழுப்பேறின பனியனைத் துவைக்கிறான். இடுப்பு வலித்தால் நடுவில் உட்காரலாம், ஆனால் உட்கார்ந்த நேரம் கணக்கில் சேராது. அவள் இழந்த நேரத்துக்கும் அவன் வேலை செய்து அடைக்கிற நேரத்துக்கும் அடுப்படிச் சுவரில் அவள் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

கோடு ஆரம்பித்து வேலை நாள் இருபது முடிந்திருக்கிறது. மொத்தம் இருபத்தைந்து மணி இருபது நிமிஷம். அதில் அவன் அடைத்தது நாலு மணி நேரம். மீதி இருபத்தொரு மணி இருபது நிமிஷம் பெண்டாட்டிக்கு அவன் பாக்கி.